ஸ்பார்க் வருகிறது, ஆனால் போதவில்லை

பழைய கார் மிஸ் அடிக்கிறது என்றதும் பெரும்பாலோர் செய்யும் முதல் சோதனை ஒன்றுதான். ஒரு பிளக்கைக் கழற்றி, மறுபடி அதன் வயரிலேயே மாட்டி, இன்ஜின் மேல் படுக்கவைத்து, செல்ஃப் அடித்துப் பார்ப்பார்கள். நுனியில் பொறி தெரிந்துவிட்டால், "கரண்ட் வருது, அப்போ கார்புரேட்டர்தான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்புறம் கார்புரேட்டரைப் பிரித்து, ஜெட்டை ஊதி, பெட்ரோல் பம்பைச் சந்தேகித்து ஒரு நாள் முழுக்கப் போய்விடும். வண்டி பழையபடியே திணறும்.

பாயின்ட் (திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் தொடுமுனை), கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்புவது) உள்ள கார்களோடு பல வருடங்கள் பழகியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம், ஸ்பார்க் இருக்கிறதா என்று கேட்பது பாதிக் கேள்விதான் என்பது. அது எவ்வளவு பலமாக இருக்கிறது, இன்ஜின் சூடாகி மேடு ஏறும்போதும் அந்தப் பலம் நிற்கிறதா, வர வேண்டிய நேரத்தில் வருகிறதா என்றும் கேட்க வேண்டும். இக்னிஷன் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த மீதிக் கேள்விகளில்தான் ஒளிந்திருக்கின்றன.

திறந்த வெளியில் ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். பாயின்ட் வைத்த கார்களில் பிளக்கின் இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை. ஆகவே வெளியே படுத்திருக்கும் பிளக்கில் பொறி காட்டுவது பேட்டரி வோல்ட்டைப் பல ஆயிரமாக உயர்த்தித் தரும் காயில் தேய்ந்துபோயிருந்தாலும் அதற்கு முடிகிற வேலைதான். சிலிண்டருக்குள் நிலைமை வேறு. அங்கே பிஸ்டன் அமுக்கிய கலவை நெருக்கமாக நிற்கிறது. அழுத்தம் ஏற ஏற அதைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். ஸ்லோவில் ஓடும்போது த்ராட்டில் மூடியிருப்பதால் உள்ளே போகும் கலவை குறைவு, அழுத்தமும் குறைவு. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் சிலிண்டர் நிரம்புகிறது, பிளக் கேட்கும் வோல்ட் 10,000-ஐத் தாண்டிப் போகிறது. நின்ற இடத்தில் அழகாக ஓடும் இன்ஜின், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் டாப் கியரில் இழுக்கும்போது மட்டும் விக்குவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அதனால் நான் பிளக்கை வைத்துச் சோதிப்பதில்லை. இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் எர்த் முனை வெட்டிய பழைய பிளக் ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். பொறி ஆறு மில்லிமீட்டராவது தாண்ட வேண்டும், நீலமும் வெள்ளையுமாக இருக்க வேண்டும், 'டப் டப்' என்ற சத்தம் காதில் விழ வேண்டும். மஞ்சளாகவோ சிவப்பாகவோ, நூல் மாதிரி மெலிந்து சத்தமில்லாமல் வந்தால் அந்தப் பொறியை நம்ப முடியாது.

இந்த இடத்தில் பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். வயரைக் கையில் பிடிக்கக் கூடாது. பிளக்கின் உடல் இன்ஜினோடு நன்றாகத் தொட்டிருக்க வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் டப்பாவோ, கழற்றிய பெட்ரோல் குழாயோ இருக்கக் கூடாது. திறந்த பிளக் துளையிலிருந்து வரும் ஆவியே தீப்பிடிக்கும் என்பதால் டெஸ்டரை அதிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பானெட் பக்கமே வரக் கூடாது. எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட வண்டியில் வயரை எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் விட்டு செல்ஃப் அடித்தால் மாட்யூலோ காயிலோ போய்விடலாம்.

சோதனையை எங்கே தொடங்குவது என்பதும் முக்கியம். நான் முதலில் பார்ப்பது காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பின் நடுவுக்குப் போகும் தடித்த வயரை. அதில் வரும் பொறி பலமாக இருந்து, பிளக் வயரில் மட்டும் மெலிந்தால், கோளாறு கேப், அதற்குள் சுழன்று பொறியைக் கைமாற்றும் ரோட்டார், பிளக் வயர் இவற்றில் ஒன்றில்தான். நடு வயரிலேயே மெலிந்திருந்தால் கேப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, காயிலிலோ அதற்கு முன்னாலோ பார்க்க வேண்டும். ஒரே சோதனையில் பாதி பாகங்கள் சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிடுகின்றன. இதைச் செய்யாமல் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அடுத்த கட்டத்துக்குப் போகும் முன் இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. இதை வகுத்தவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். அவருடைய டெல்கோ இக்னிஷன் 1910 மாடல் கேடிலாக்கில் வந்தது. 1970-களில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் பரவும் வரைக்கும் உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இதே முறையில்தான் ஓடின. பேட்டரியின் 12 வோல்ட், இக்னிஷன் சுவிட்ச் வழியாகக் காயிலின் முதல் சுற்றுக்குள் போய், பாயின்ட் வழியாக எர்த்தை அடைகிறது. பாயின்ட் மூடியிருக்கும் நேரத்தில் காயிலில் காந்தப்புலம் சேர்கிறது. பாயின்ட் திறந்ததும் அந்த ஓட்டம் அறுகிறது. வேகமாகத் தண்ணீர் ஓடும் குழாயைச் சட்டென்று மூடினால் குழாயே அதிரும்படி ஓர் அடி விழுமல்லவா, அதுபோல முதல் சுற்றிலேயே 200, 300 வோல்ட் எழும்புகிறது. இரண்டாவது சுற்றில் ஏறக்குறைய நூறு மடங்கு கம்பிச் சுற்றுகள் இருப்பதால் அங்கே 20,000 வோல்ட்டுக்கு மேல் எழும்ப முடிகிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது இது விநாடிக்கு 100 முறை நடக்கிறது.

ஓட்டம் எவ்வளவு வேகமாக அறுகிறதோ அவ்வளவு பலமாகப் பொறி வரும். பாயின்ட்டுக்கு இணையாக இணைத்திருக்கும் சின்னக் கண்டென்சர் இருப்பதே அதற்காகத்தான். அது இல்லையென்றால் பாயின்ட் திறக்கும்போது மின்சாரம் அந்த இடைவெளியிலேயே தீப்பொறியாக ஒழுகிக்கொண்டிருக்கும், ஓட்டம் அறுகாது, பிளக்கில் எதுவும் வராது. அதன் அளவு சுமார் 0.2 மைக்ரோஃபாரட், விலையும் அற்பம். ஆனால் அது கெட்டுவிட்டால் மொத்த வண்டியும் நின்றுவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் மீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நிற்கும்போது 12.6 காட்டிய பேட்டரி, செல்ஃப் இழுக்கும்போது 9-க்கும் கீழே விழுந்தால், காயிலுக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. காலையில் ஸ்டார்ட் ஆகாமல், தள்ளினால் மட்டும் உடனே பிடிக்கும் வண்டிகளில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பேட்டரி நெகடிவ் வயர், இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் எர்த் பட்டை இரண்டையும் கழற்றி, உலோகம் மின்னும்வரை தேய்த்து இறுக்கினாலே சில வண்டிகள் சரியாகிவிடும்.

அடுத்து காயிலின் பாசிடிவ் முனை. சாவியைப் போட்டு, பாயின்ட் மூடிய நிலையில் அங்கே எத்தனை வோல்ட் என்று பார்க்க வேண்டும். காயில்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று நேராக 12 வோல்ட்டில் ஓடுவது. அதன் முதல் சுற்றின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 3 ஓம். இன்னொன்று, வோல்ட்டைக் குறைத்துத் தரும் பேலஸ்ட் ரெசிஸ்டர் வழியாக ஓடுவது. அதன் முதல் சுற்று சுமார் 1.5 ஓம், மீதியைப் பேலஸ்ட் ஏற்கும். பேலஸ்ட் வகையில் செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அந்த ரெசிஸ்டரைத் தாண்டி நேராக பேட்டரி வோல்ட் வரும்படி வயரிங் செய்திருப்பார்கள். அதனால் செல்ஃப் சுற்றும்போது இன்ஜின் பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால், அநேகமாக பேலஸ்ட் அறுந்திருக்கிறது. பேலஸ்ட்டுக்கான காயிலை பேலஸ்ட் இல்லாத வண்டியில் மாட்டிவிட்டால் அது சீக்கிரமே வெந்துபோகும், பாயின்ட்டும் கருகும். பழைய வண்டிகளில் முந்தைய கைகள் எந்தக் காயிலை மாட்டியிருக்கின்றன என்று தெரியாது, ஆகவே மீட்டரை வைத்து அளந்துவிடுவது நல்லது. இன்ஜினை ஓட்டாமல் சாவியைப் போட்டே வைத்திருக்கும் பழக்கமும் காயிலைக் கெடுக்கும். பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் சுமார் 4 ஆம்பியர் இடைவிடாமல் ஓடி அதைச் சுட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கருவி சாதாரண டெஸ்ட் லேம்ப். ஒரு முனையை எர்த்தில் கவ்வி, மறுமுனையைக் காயிலின் நெகடிவ் முனையில் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். விளக்கு மினுமினுத்தால் பாயின்ட் திறந்து மூடுகிறது. எரிந்தபடியே நின்றால் பாயின்ட் மூடவே இல்லை: இடைவெளி அதிகம், முகத்தில் அழுக்கு, அல்லது உள்ளே வயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் காயிலுக்குச் சப்ளை வரவில்லை, அல்லது நெகடிவ் பக்கம் எங்கோ எர்த் ஆகிவிட்டது. அந்த 'எங்கோ' என்பதில் பாயின்ட்டை விட்டால் கண்டென்சர் இருக்கிறது. ஆர்.பி.எம். மீட்டர் இருக்கும் வண்டியில் அதற்குப் போகும் வயரும் இருக்கிறது. அந்த வயர் காயிலின் நெகடிவிலிருந்துதான் போகும். டாஷ்போர்டுக்குப் பின்னால் அது உரசித் தோல் கிழிந்து பாடியில் பட்டால் இன்ஜின் செத்துவிடும். அதைக் காயிலிலிருந்து பிடுங்கிவிட்டு முயன்றால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பாயின்ட்டைக் கண்ணால் பார்த்தே நிறைய படிக்கலாம். முகம் சாம்பல் நிறமாகச் சீராக இருந்தால் ஆரோக்கியம். நீலம் பாய்ந்து கருகியிருந்தால் ஓட்டம் அதிகம், அல்லது கண்டென்சர் சரியில்லை. ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு என்று உலோகம் இடம் மாறியிருந்தால் கண்டென்சரின் அளவு பொருந்தவில்லை என்று சந்தேகப்படலாம். எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் பாயின்ட்டைத் தட்டித் திறக்கும் கேமில் கிரீஸை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். கேமில் ஒரு பொட்டு போதும், ஆனால் அந்தப் பொட்டு அவசியம் வேண்டும், இல்லையென்றால் கேமில் உரசும் பாயின்ட்டின் குதிகால் தேய்ந்துகொண்டே போகும். இடைவெளி பல கார்களில் 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், சரியான எண்ணை அந்தந்த வண்டியின் மேனுவலில் பார்க்க வேண்டும். ஃபீலர் கேஜால் அளந்து வைத்த பிறகும், டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து அது ஆடினால், எவ்வளவு கவனமாக வைத்த இடைவெளியும் ஓடும்போது கூடிக் குறையும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு நேரத்தில் பொறி போகும். புது பாயின்ட் மாற்றி மாற்றி அலுத்துப்போன பல வண்டிகளுக்கு உண்மையில் தேவை இந்த புஷ்தான்.

பாயின்ட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் வெளி முனைக்கும் நடுவில் ஒரு சின்ன வளையும் வயர் உண்டு. இதைப் பற்றி நான் எத்தனை சொன்னாலும் தகும். என் பழைய நான்கு சிலிண்டர் காரில் ஒரு வினோதமான கோளாறு இருந்தது. ஸ்லோவில் கடிகாரம் மாதிரி ஓடும். கிளம்பி ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்ததும் யாரோ சாவியைத் திருப்பி விட்டுப் போட்டதுபோல ஒரு வெட்டு விழும், மறுபடி பிடிக்கும். ஆக்ஸிலேட்டரோடு சேர்ந்து வருவதால் பார்த்த எல்லோரும் பெட்ரோல் கோளாறு என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்த வெட்டில் படிப்படியாகத் தளரும் தன்மை இல்லை. பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் தொய்ந்து, இருமி, மெதுவாகச் சாகும். மின்சாரம் அறுந்தால் சட்டென்று சாகும், ஆர்.பி.எம். முள் அந்தக் கணமே கீழே விழும். முள் விழுவதைப் பார்த்த பிறகு கார்புரேட்டர் பக்கம் திரும்பவே தோன்றவில்லை.

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் என்ன நடக்கிறது? இன்ஜினின் உறிஞ்சலால் இயங்கிப் பொறியை முன்கூட்டி வரவைக்கும் வேக்குவம் அட்வான்ஸ், பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை இழுத்துத் திருப்புகிறது. தட்டோடு சேர்ந்து அந்தச் சின்ன வயரும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்கிறது. மல்டிமீட்டரை ஓமில் வைத்து, வயரின் இரண்டு முனைகளிலும் பிடித்துக்கொண்டு, வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சித் தட்டை நகர்த்திப் பார்த்தேன். தட்டு நகர்ந்த இடத்தில் மீட்டர் தாவியது. வயரை வெளியே எடுத்து இழுத்தால் ஓர் இடத்தில் மட்டும் ரப்பர் போல நீண்டது. மேல் தோல் முழுசாக இருந்தது, உள்ளே செம்பு இழைகள் அத்தனையும் அறுந்து முனையோடு முனை உரசிக்கொண்டிருந்தன. இந்த வயருக்குப் பதிலாக வீட்டு வயரிங்குக்கான கம்பியைப் போடக் கூடாது. மெல்லிய இழைகள் நிறைய உள்ள, நன்றாக வளையும் வயர்தான் தாங்கும். தட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் நடுவே இன்னொரு எர்த் வயர் இருக்கும் வண்டிகளில் அதையும் இதேபோல் சோதிக்க வேண்டும்.

வாயால் உறிஞ்சும் அந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரியும். உறிஞ்சி நாக்கால் குழாயை அடைத்தால் இழுவை அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. வண்டி ஓடும், ஆனால் சமதளத்தில் நிதானமாகப் போகும்போது சோம்பலாகவும், பெட்ரோல் அதிகம் குடித்தும் ஓடும்.

காயிலுக்கு வருவோம். முதல் சுற்றை மேலே சொன்னபடி அளக்கலாம். நடு முனைக்கும் பக்க முனைக்கும் இடையே இரண்டாவது சுற்று பொதுவாக 6,000 முதல் 15,000 ஓம் வரை காட்டும். ஆனால் மீட்டர் சரி என்று சொல்வதால் காயில் சரி என்று ஆகிவிடாது. உள்ளே இன்சுலேஷன் பலவீனமாகி, 20,000 வோல்ட் வரும்போது மட்டும் உள்ளுக்குள்ளேயே கசியும் காயிலை, மீட்டரின் சின்ன பேட்டரி எப்படிக் கண்டுபிடிக்கும்? குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடேறியதும் நின்று, ஆறவிட்டால் மறுபடி ஓடும் வண்டியில் சோதனையை அது நின்ற இடத்திலேயே, நின்ற நிமிடத்திலேயே செய்ய வேண்டும். ஷெட்டுக்குக் கட்டி இழுத்து வந்து சேர்வதற்குள் எல்லாம் ஆறி, எல்லாமே நல்ல பாகமாகிவிடும். அதனால் இந்த மாதிரி வண்டியில் ஸ்பார்க் டெஸ்டர், டெஸ்ட் லேம்ப், ஒரு நல்ல கண்டென்சர் மூன்றையும் டிக்கியில் வைத்துக்கொள்வது நல்லது. கண்டென்சரும் சூட்டில்தான் பல்லைக் காட்டும். அது நின்றுவிட்டதா என்று பார்க்க, வேறொரு கண்டென்சரை வெளியிலிருந்தே காயில் நெகடிவுக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டிப் பார்த்தால் போதும், டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரிக்கவே வேண்டாம். ஆனால் பழைய கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் இந்த வித்தை பலிக்காது, அதன் வயரை முதலில் கழற்றிவிட வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாயின்ட், கண்டென்சர், ரோட்டார், கேப், வயர், பிளக் எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாக மாற்றிவிடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. புதியது என்பதாலேயே அது நல்ல பாகம் ஆகிவிடாது. பெட்டியைப் பிரித்து மாட்டிய கண்டென்சர் அடுத்த சில கிலோமீட்டரிலேயே சாவதைப் பார்த்திருக்கிறேன். ஆறு பாகங்களை ஒன்றாக மாற்றிய பிறகு வண்டி ஓடவில்லையென்றால், பழைய கோளாறா புதிய கோளாறா என்று பிரித்தறியும் வழியே இல்லாமல் போகிறது. ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், பழையதைத் தூக்கி எறியாதே. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கண்டென்சர், அறிமுகமில்லாத புதியதைவிட நம்பகமானது.

ரோட்டாரில் கோளாறு கண்ணுக்குத் தெரியாது. மேலே பித்தளை, கீழே ஷாஃப்ட், நடுவில் பிளாஸ்டிக் மட்டும்தான் காப்பு. அந்தக் காப்பில் ஊசித் துளை விழுந்தால் பொறி நேராக ஷாஃப்டுக்குள் இறங்கிவிடும். கேப்பைக் கழற்றி, காயிலின் நடு வயரை இன்சுலேட்டட் கட்டிங் பிளேயரால் பிடித்து ரோட்டாரின் பித்தளைக்குச் சற்று மேலே நிறுத்தி, சாவியைப் போட்டுப் பாயின்ட்டைத் திறந்து மூட வேண்டும். ரோட்டாருக்குப் பொறி பலமாகப் பாய்ந்தால் அது எர்த் ஆகியிருக்கிறது, மாற்றிவிடலாம். கேப்பின் உள்ளே பென்சிலால் கோடு போட்டதுபோல மெல்லிய கருப்புக் கோடு இரண்டு முனைகளுக்கு நடுவே ஓடினால், அது கரித்தடம். சுரண்டினாலும் திரும்ப வரும். நடுவில் ஸ்பிரிங்கோடு இருக்கும் கரித்துண்டு உடைந்திருக்கிறதா, அமுக்கினால் மேலே வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மழை நாளில் மட்டும் அடம் பிடிக்கும் வண்டி என்றால் கேப்பும் வயர்களும்தான் முதல் சந்தேகம். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்பிரே புட்டியால் லேசாகத் தண்ணீர் தெளித்தால், கசிகிற வயர் நீலப் பொறியாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பிளக் வயர்களைப் பொறுத்தவரை, இழுக்கும்போது வயரைப் பிடிக்காமல், அதன் முனையில் இருக்கும் ரப்பர் உறையைப் பிடித்து இழுக்க வேண்டும். கரி இழை உள்ள வயர் உள்ளுக்குள் அறுந்தால் மீட்டர் ஓமையே காட்டாது. எல்லா வயரும் ஒரே ரகமாக இருந்து, அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு காட்டினாலும் அது சந்தேகத்துக்குரியது.

பிளக்கின் நுனி இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. ஒரே ஒரு பிளக் மட்டும் கருப்பாக, ஈரமாக, பெட்ரோல் வாடையோடு வந்தால் அந்தச் சிலிண்டருக்கு ஸ்பார்க் போகவில்லை. எல்லாமே புகைக்கரி படிந்திருந்தால் கலவை கனமாக இருக்கலாம், அல்லது பொறி எல்லோருக்குமே மெலிந்திருக்கலாம்.

வயர்களைக் கழற்றி மாட்டும்போது வரிசை மாறுவது எளிது. நான்கு சிலிண்டரில் பெரும்பாலும் 1-3-4-2, சில இன்ஜின்களில் 1-2-4-3. டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்றி மாட்டியவர்கள், முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே வந்ததா, எக்ஸாஸ்டில் மேலே வந்ததா என்று பார்க்காமல் போட்டால் எல்லாப் பொறியும் ஒரு சுற்று தள்ளி வரும். கார்புரேட்டர் வழியாகத் தும்மும், ஆனால் ஸ்டார்ட் ஆகாது. பொறி எவ்வளவு பலமாக இருந்தாலும் நேரம் தவறினால் பயன் இல்லை.

பொறி வரும் நேரமான டைமிங்கை வைக்கும் முன் பாயின்ட் இடைவெளியை வைத்து முடித்திருக்க வேண்டும், ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். இடைவெளி கூடினால் பாயின்ட் முன்னதாகத் திறக்கும், குறைந்தால் தாமதமாகத் திறக்கும். இன்ஜினை நிறுத்தி வைக்கும் முறையில், புல்லியின் குறியை மேனுவல் சொல்லும் இடத்தில் நிறுத்தி, காயில் நெகடிவில் டெஸ்ட் லேம்பை வைத்து, டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவாகத் திருப்பி, விளக்கு எரியத் தொடங்கும் இடத்தில் இறுக்க வேண்டும். ஓடும் இன்ஜினில் ஸ்ட்ரோப் லைட்டால் பார்ப்பது இன்னும் துல்லியம், பெரும்பாலான வண்டிகளில் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஸ்ட்ரோப்பைக் காட்டிக்கொண்டே ஆக்ஸிலேட்டரைக் கூட்டினால் குறி நகர வேண்டும். நகரவில்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தட்டுக்குக் கீழே, வேகம் கூடும்போது விரிந்து பொறியை முன்னதாக வரவைக்கும் எடைகள் துருவேறிச் சிக்கியிருக்கின்றன. அப்படிப்பட்ட வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகும், நன்றாக ஸ்லோவில் நிற்கும், ஆனால் வேகம் எடுக்கவே எடுக்காது.

புது பாயின்ட் போட்டு டைமிங் வைத்த வண்டியைச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். புதுக் குதிகால் கேமில் பொருந்தி உட்காரும்வரை சற்று வேகமாகத் தேயும், அதனால் இடைவெளி குறைந்து டைமிங் பின்தங்கியிருக்கும். ஃபீலர் கேஜை நுழைத்து, தேவைப்பட்டால் திருத்தி, டைமிங்கையும் கையோடு சரிபார்த்துவிட்டால், அதன் பிறகு அது நெடுநாள் அப்படியே நிற்கும்.